ஓநாய் வராத வீடு

என் அக்கா இதுவரை நானூற்றுச் சொச்சம் அம்மாக்களைச் சாகவிடாமல் காப்பாற்றியிருக்கிறாள். நாரை அம்மா, கரடி அம்மா, கடலுக்கடியில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அம்மா, அரண்மனைக் கட்டிலில் இருமிக்கொண்டே படுத்திருக்கும் அம்மா. அப்பாக்கள் இதில் சேர்த்தியில்லை, அவர்களைத் தனியாக எண்ண வேண்டும். குழந்தைகள் சேனல் ஒன்றின் இரண்டாவது மாடியில், பகலிலும் இருட்டாக இருக்கும் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒளிபரப்பாகப் போகும் படங்களில் பிள்ளைகள் பயப்படும்படியாக எது இருந்தாலும் வெட்டி எடுப்பது அவள் வேலை. இருபத்து மூன்று வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

அதே மாடியில் நாலு கதவு தள்ளி என் அறை. நான் சவுண்டு. அக்கா வெட்டிய இடத்தில் படம் தடுக்கி விழுந்த மாதிரி குதிக்கும். அந்தக் குதிப்பு தெரியாமல் இசையை இழுத்துப் பூசி மெழுகுவது என் பொறுப்பு. ஆபீசில் அவளுக்குக் ‘கத்தரி’ என்று பெயர், எனக்குப் ‘பசை’. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அக்கா சிரித்துக்கொண்டு போய்விடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். பதினேழு வருஷம் மாடாய் உழைத்த மனுஷனுக்கு இப்படியா பெயர் வைப்பது?

மதியம் இரண்டு மணி வாக்கில் அவள் அறைக்குப் போனால் நமக்கே தூக்கம் வந்துவிடும். மூன்று திரைகளிலும் ஏதாவது ஒரு காடு அசைந்துகொண்டிருக்கும். ஹெட்போன் அவள் காதில் இருப்பதால் அறையில் சத்தமே இருக்காது. பனி பெய்யும், குதிரைகள் ஓடும், ஒரு கோட்டை சரிந்து விழும், எல்லாம் சத்தமில்லாமல். அந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் நீலமாகவும் பிறகு மஞ்சளாகவும் ஏறி இறங்கும். பின்னால் போய் நின்றாலும் அவளுக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு ஏரிக்கரையில் இருப்பாள். தோளைத் தொட்டால் திரும்பி, நான் யார் என்று ஒரு கணம் யோசிப்பாள்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். சேனல் கொடுத்த விதிகள். ரத்தம் கூடாது, தாய் தந்தை இறக்கக் கூடாது, பிராணி இறக்கக் கூடாது, இருட்டில் தனியாக அடைபட்ட குழந்தையை எட்டு வினாடிக்கு மேல் காட்டக் கூடாது என்று அது போகும். எட்டு என்று யார் அளந்தார்களோ தெரியாது. ஒன்பதாவது வினாடியில் அப்படி என்ன ஆகிவிடும் என்று ஒருமுறை மேனேஜரைக் கேட்டேன். அவர் பதிலுக்கு என் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

அக்காவுக்கு அந்தத் தாள் போதாது. ஒரு கிழட்டு நாய் வாலாட்டாமல் படுத்திருந்தால்கூட அவளுக்கு மூக்கு வியர்த்துவிடும். சிவப்பு அடையாளம் போட்டுத் தூக்கிவிடுவாள். தொண்ணூறு நிமிஷப் படம் அவள் கையிலிருந்து அறுபத்தெட்டு நிமிஷமாக வெளியே வரும். ஒரு காட்சியில் அம்மா மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். அடுத்த காட்சியில் மகள் மட்டும் ஒரு மூட்டையோடு காட்டு வழியில் போய்க்கொண்டிருப்பாள். நடுவில் நான் புல்லாங்குழலை ஊதவிட்டிருப்பேன்.

“ஏன்க்கா, ஓநாய வெட்டிட்ட. அப்புறம் அந்தப் பொண்ணு எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடறா? உடம்பு இளைக்கவா?” என்று கேட்பேன்.

“ஓடட்டும். ஓடினா நல்லதுதானே” என்பாள். அதற்குமேல் அவளிடம் பேச முடியாது.

சின்ன வயசிலேயே அவள் இப்படித்தான். அப்பா அம்மா இரண்டு பேருமே வேலைக்குப் போனதால் எங்களுக்குக் கதை சொன்னது அக்காதான். நாங்கள் என்றால் நானும் என் தங்கையும். தங்கையைச் சின்னவள் என்றே வீட்டில் கூப்பிடுவோம். அக்கா கதையில் ஓநாய் வந்து கதவைத் தட்டும். கதவு திறந்ததும் எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடும். எனக்கு அது போதுமாக இருந்தது. சின்னவளுக்குப் போதவில்லை. நாலு வயசுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்பாள்.

“பொய்! அது சாப்பிடணும். முதல்ல பெரிய ஆட்டைச் சாப்பிடணும்!”

அக்கா சொல்ல மாட்டேன் என்றதும் போர்வைக்குள் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவளே சொல்லுவாள். எலும்பு நொறுங்கும் சத்தம், சப்புக்கொட்டும் சத்தம் எல்லாம் வாயாலேயே வரும். நான் காதைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் கேட்பேன். அந்தச் சத்தங்கள்தான் என்னைச் சவுண்டு வேலைக்குக் கொண்டுவந்து விட்டதோ என்னவோ.

சின்னவள் வளர்ந்து பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தாள். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பவர்களை விரட்டி விரட்டி வழிசொல்லி அனுப்புவாள். கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை. அந்த ஆளுக்கு இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, அவன் பேச்சு இங்கே வேண்டாம். கைக்குழந்தையோடு நானும் அக்காவும் மட்டும் இருந்த மூன்றாவது மாடி வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்தக் குழந்தைதான் வாண்டு. பெயர் வேறு, ஆனால் வாண்டு என்று கூப்பிட்டால்தான் திரும்பும். அதைக் குளிப்பாட்டும்போது சின்னவள் கதை சொல்வது தெருமுனை வரை கேட்கும். ஓநாய் எல்லாரையும் சாப்பிடும். வாண்டு தண்ணீரை அடித்துக்கொண்டு ‘இன்னொண்ணு சாப்பிடு, இன்னொண்ணு’ என்று கத்தும். அக்கா சமையலறையில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள்.

போன வருஷம் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். அது தலைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒன்பது நாள். ஒன்பதாவது நாள் காலையில் போய்விட்டாள். தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒன்றும் தெரியவில்லை என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவளுக்கு முப்பத்து நாலு வயசு. இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த எண்ணின்மேல் கோபம்தான் வருகிறது.

அந்த ஒன்பது நாளும் வாண்டு எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருந்தது. எல்லாம் முடிந்து கூட்டிவந்தபோது வாசலிலேயே நின்று கேட்டது.

“அம்மா எங்க?”

அக்கா குனிந்து அதன் செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வேலைக்குப் போயிருக்கா.” கொஞ்சம் பொறுத்து, “தூரமா” என்றாள்.

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், ஆனால் என் தொழில் புத்தி போகுமா? “பெரிய வேலைடா. கப்பல்ல எல்லாம் போகணும்” என்றேன். அவள் வெட்டினாள், நான் பூசிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து ஐந்தரை வயசுக் குழந்தையை ஏமாற்றியது அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஓநாய் வரவே இல்லை. அக்கா, தான் வெட்டிச் சுத்தம் செய்த படங்களையே பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். வாண்டு வேறு எதையும் பார்க்கக் கூடாது. அது சாயங்கால வெயில் விழும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்க்கும். காடு, ஏரி, பறக்கும் படகு, எல்லாருக்கும் எல்லாமே நன்றாக நடக்கும் ஊர்கள். பார்க்கப் பார்க்க வீடே அந்தப் படங்களில் ஒன்றுபோல ஆகிவிட்டது. நாங்கள் மெதுவாகப் பேசினோம், சிரித்த முகமாகவே சுற்றினோம். யாரும் யாரையும் திட்டவில்லை. சின்னவள் இருந்த வீட்டில் திட்டுச் சத்தமே இல்லை என்றால் அது எப்பேர்ப்பட்ட பொய் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வாண்டு ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

“பெரியம்மா, அந்த நாரை அம்மா எங்க போச்சு?”

“மீன் பிடிக்கப் போயிருக்கும்.”

“இவ்ளோ நேரமா?”

“தூரத்துல இருக்கற ஏரிடா அது.”

பிறகு கேட்பதை விட்டுவிட்டது. அக்கா அதை நல்ல மாற்றம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்னவளுக்கு டைப் அடிக்கச் சோம்பல், எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவாள். என் போனில் அவள் குரல் செய்திகள் இருநூற்றுப் பதினொன்று இருந்தன. ‘வரும்போது பால் வாங்கிட்டு வா’, ‘வாண்டு பல் தேச்சாளா’, ‘அக்காகிட்ட சொல்லிடாத’ இந்த மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாண்டுக்கு அம்மாவிடமிருந்து ஒரு செய்தி வரும். அதைச் சனிக்கிழமை ஆபீசில் நான் தயார் செய்வேன். அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று அக்கா ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருவாள். இங்கே ஒரு வார்த்தை, அங்கே ஒரு வார்த்தை எடுத்து, மூச்சு சரியாக விழும்படி ஒட்டுவேன். ‘சீக்கிரம் வரேன்’ என்பது ஒரே ஒரு பதிவில்தான் தெளிவாக இருந்தது, அதன் பின்னணியில் ஒரு பஸ் ஹாரன். எவ்வளவு கழுவியும் போகவில்லை.

அந்த வேலையை வெறுத்தேன் என்று சொன்னால் பெரிய மனுஷனாக இருக்கலாம். வெறுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினால் சின்னவள் என் காதுக்குள் மூச்சு விடுவாள். பேசுவதற்கு முன் நாக்கைச் சொடுக்குவது அவள் பழக்கம். அந்தச் சொடுக்கை மட்டும் பத்து முறை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் எங்கேயோ தூரத்தில் நிஜமாகவே வேலை பார்க்கிறாள், சனிக்கிழமைகளில் எனக்கு மட்டும் லைன் கிடைக்கிறது என்று தோன்றும். கதவைத் திறந்து வெளியே வந்தால் வராந்தா வெளிச்சம் கண்ணைக் கூசும்.

சொல்லிவிடலாம், பள்ளி லீவு வரட்டும் என்றாள் அக்கா. லீவு வந்தது. பிறந்தநாள் முடியட்டும் என்றாள். அதுவும் முடிந்து வாண்டுக்கு ஏழு வயசு தொடங்கியது. முன்பல் விழுந்தது. அதைப் பற்றி அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் என்று அது காத்திருந்தது. நான் இருநூற்றுப் பதினொன்றையும் சல்லடை போட்டுத் தேடி, ‘பல் தேச்சாளா’விலிருந்து பல்லை மட்டும் பிடுங்கி, ‘பல்… நல்லா… இருக்கு’ என்று ஒன்று செய்தேன். விழுந்த பல் எப்படி நன்றாக இருக்கும்? வாண்டு முழுசாகக் கேட்டது. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தது.

“இனிமே முடியாதுக்கா. சரக்கு தீர்ந்துபோச்சு” என்றேன் அன்றைக்கு.

“இந்த ஒரு மாசம்” என்றாள். “ஸ்கூல் திறந்துடட்டும். நாலு பிள்ளைங்களோட இருந்தா தாங்கிக்கும்.”

“தாங்கறதா வேண்டாமான்னு அது முடிவு பண்ணட்டுமே.”

“அது முகம் எப்படி ஆகும்னு நீ பார்த்திருக்கியா? நான் தினமும் பார்க்கறேன்டா. எத்தனை படத்துல பார்த்திருக்கேன். அந்தச் செய்தி கேட்ட பிள்ளைங்க முகத்தை ஒவ்வொரு ஃபிரேமா நிறுத்திப் பார்க்கறது என் வேலை. அந்த முகம் நம்ம வீட்ல வேண்டாம்.”

அவள் குரல் உடைந்தது. எல்லாரும் கத்தரி மேடத்துக்குக் கல் நெஞ்சு, எத்தனை சாவைப் பார்த்தாலும் டீ குடித்துக்கொண்டே வெட்டுவாள் என்பார்கள். அவள் ஒவ்வொன்றையும் தானே முழுதாக வாங்கிக்கொண்டுதான் மற்றவர்களுக்கு இல்லாமல் செய்தாள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது என் திருவிளையாடலுக்கு வருகிறேன். வெட்ட வேண்டிய இடங்களுக்கு அக்கா சிவப்பு அடையாளம் போடுவாள். எல்லாம் முடிந்து படத்தை வெளியே எடுக்கும்போது மெஷின் ஒரு கேள்வி கேட்கும். சிவப்பை நீக்கிவிட்டு மீதியை எடுக்கவா, சிவப்பை மட்டும் எடுக்கவா? முதலாவது ஒளிபரப்புக்கு. இரண்டாவது எதற்கென்றால், வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போடக் கூடாது, படத்துக்காரர்கள் எப்போது கேட்டாலும் கொடுக்க வேண்டும், அதனால் அவற்றையும் ஒன்றாகக் கோத்துப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று ஒரு விதி.

அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் அக்காவை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார். “வாண்டுக்குப் பிடிச்ச பழைய படம் பத்தையும் லீவுக்கு ஒரே டிரைவ்ல போட்டு வைடா” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அவள் மெஷினில் நான் உட்காருவது அதுதான் முதல் தடவை. மெஷின் கேட்டது. நான் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்தேன். பத்துப் படம் இவ்வளவு சீக்கிரம் ஏறிவிட்டதே என்று என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன். மர மண்டை.

மறுநாள் சனிக்கிழமை, எங்களுக்கு அரை நாள் ஆபீஸ். தையல்காரம்மா வழக்கம்போலத் தன் மெஷினை எங்கள் ஹாலில் போட்டுக்கொண்டு வாண்டுக்குத் துணை இருந்தாள். நாங்கள் திரும்பும்போது மணி மூன்று. திரைச்சீலை வழியாக மஞ்சளாக வெயில் வந்து வீடு முழுக்கப் பரவியிருந்தது.

“குழந்தை அவ்ளோ சமத்தும்மா. மூச்சு விடற சத்தம்கூட இல்ல” என்று சொல்லிவிட்டுத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

வாண்டு டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. திரையில் உறைந்த ஏரி ஒன்று. நாரை ஒன்று இறக்கையை விரித்தபடி பனியில் கிடந்தது. குஞ்சு அலகால் அதைத் தள்ளிப் பார்த்தது. மறுபடியும் தள்ளியது. உடனே கடல் வந்தது, படகு இல்லை, ஒரு கிழவரின் தொப்பி மட்டும் மிதந்தது. உடனே ஒரு மாடிப்படி. மேலே ஏதோ அறையில் யாரோ இருமினார்கள், பிறகு இருமல் நின்றது, ஒரு சின்னப் பையன் படியில் உட்கார்ந்து தலையைத் திருப்பினான். உடனே தீ. உடனே ஒரு வெள்ளைக் குதிரை சேற்றுக்குள் மெல்ல மெல்ல இறங்கியது, கயிற்றைப் பிடித்திருந்தவள் விட்டுவிட்டாள். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. படத்தின் இசை தனியாக என்னிடம்தான் வரும், சுத்தம் செய்த பிரதிக்கு மட்டும்தான் அதைச் சேர்ப்பேன், அதனால் இதில் இசையும் இல்லை. காற்று, தண்ணீர், மூச்சு, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தோம். தூக்கத்தில் ஓட நினைத்தும் கால் நகராதே, அந்த மாதிரி.

அக்காவுக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது. பாய்ந்து போய் டிவியை அணைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும்.

வாண்டு அழவில்லை. முகம் சிவந்திருந்தது, கண் அகலமாக இருந்தது, அவ்வளவுதான்.

“பெரியம்மா, எல்லாரும் இங்கதான் இருக்காங்க” என்றது.

“யாருடா கண்ணு?”

“காணாமப் போனவங்க. நாரை அம்மா மீன் பிடிக்கப் போகல. படுத்திருக்கு. படகுத் தாத்தாவும் இதுலதான் இருக்காரு. நாரை அம்மாவை மட்டும் மூணு தடவை பார்த்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது. “இதெல்லாம் நீதான் எடுத்து வச்சிருந்தியா?”

“ஆமா. நீ பயப்படுவியேன்னு.”

“பயந்தேன்” என்றது. “பயந்துட்டு அப்புறம் பார்த்தேன்.”

அக்கா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வாண்டு அணைந்த டிவியைத் தொட்டுப் பார்த்தது. பிறகு கேட்டது.

“அம்மாவோடது எங்க? அதை எடுத்து எங்க வச்சிருக்க?”

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. இத்தனைக்குப் பிறகும் பூச வந்துவிட்டேன், பாருங்கள். “அம்மா வேலைல இருக்கால்லடா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை…”

“மாமா, அம்மா எப்பவும் ஒரே பஸ் பக்கத்துலயே நின்னு பேசறா” என்றது வாண்டு. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது மாதிரி சொன்னது. “அந்த பஸ் போகவே மாட்டேங்குது.”

எத்தனை வாரமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு எங்களுக்காகக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறது! எனக்கு அவமானமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் குழந்தையை ஏமாற்றிய காலம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. அதுதான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அவள் வெட்டுவதைப் பதினேழு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் நான். எங்கே வெட்டப் போகிறாள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இதோ தாண்டப் போகிறாள், இதோ தாண்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். தாண்டவில்லை. காய்ச்சல் வந்ததைச் சொன்னாள். ஐந்தாவது நாள் சின்னவளுக்கு எங்களை அடையாளம் தெரியாமல் போனதைச் சொன்னாள். கையில் ஊசி குத்த இடமில்லாமல் காலில் குத்தியதைச் சொன்னாள். ‘செத்துப்போயிட்டா’ என்ற வார்த்தையை அதே வார்த்தையாகச் சொன்னாள். அவள் வாயில் அதை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

வாண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா பயந்த அந்த முகம் வந்தது. மெதுவாக, வாய் ஓரத்திலிருந்து வந்தது. அக்கா கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன். அழுது முடிக்க வெகுநேரம் ஆனது. வெயில் தரையிலிருந்து நகர்ந்து சோபா மேல் ஏறிவிட்டது. பிறகு அது மூக்கை அக்காவின் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டது.

“அம்மா தூங்கிட்டு இருந்தாளா?”

“இல்ல” என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றுதானே என்னிடம் சொன்னாள்? பதினாலு மாதமாக நான் அதைப் பிடித்துக்கொண்டுதானே நிம்மதியாக இருந்தேன்?

“முழிச்சிட்டுதான் இருந்தா” என்றாள் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. “கடைசியா ‘அந்த ஜன்னலைச் சாத்துக்கா, குளிருது’ன்னு சொன்னா. என்னை அக்கான்னு கூப்பிட்டா. அடையாளம் தெரிஞ்சிருச்சு.”

“சாத்தினியா?”

“சாத்தினேன்.”

“அப்புறம் குளிரல இல்ல?”

நல்லவேளை, பிறகு குளிரவில்லை என்று சொல்லத்தான் போகிறாள், எந்த மனுஷிக்கும் அங்கே நாக்கு அப்படித்தான் திரும்பும் என்று நினைத்தேன்.

“குளிருச்சுடா. போர்வை போட்டேன். அப்பவும் குளிருச்சு. பயந்தா. நான் அவ கையப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் பயம் கொஞ்சம் கம்மியாச்சு. அப்புறம் போயிட்டா.”

வாண்டு அதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தது போலிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டது. பிறகு என் பக்கம் திரும்பியது.

“நீ எங்க மாமா இருந்த?”

நாற்பத்தோரு வயசில் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. மருந்து வாங்கப் போயிருந்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அக்காவிடமும் அதையேதான் சொல்லியிருந்தேன். அவள் நம்பினாளா, நம்பியதுபோல் இருந்தாளா என்று தெரியாது. அந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“ஆஸ்பத்திரிக்குக் கீழ டீக்கடையில உட்கார்ந்திருந்தேன்” என்றேன். “மருந்து எதுவும் வாங்கல. மேல வரப் பயமா இருந்துச்சு. கூப்பிடுவாங்க, அப்ப போகலாம்னு உட்கார்ந்தே இருந்தேன்.”

வாண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. பல் விழுந்த இடத்தில் நாக்கை வைத்து யோசித்தது. சின்னவள் கவுண்டரில் உட்கார்ந்து வழி தெரியாதவர்களை விரட்டுவாளே, அச்சு அசலாக அந்தக் குரல்.

“பயமா இருந்தா பெரியம்மா கையப் பிடிச்சிருக்க வேண்டியதுதானே மாமா?”

பதிலுக்கு எனக்கு அழுகைதான் வந்தது, அதையும் கைக்குட்டையால் மறைக்கப் பார்த்தேன். அக்கா இருந்த இடத்திலிருந்தே என் பக்கம் கையை நீட்டினாள்.